பேஷன்ஸின் விசில்

ஹெர்பர்ட் லைமன் வாழ்நாளில் பெரும்பகுதி ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தான். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவள் அவனோடு ஒரே கட்டிலில் படுத்து எழுந்துகொண்டிருந்தாள். அவள் சொல்லவில்லை.

நான் ஆடா. ஹெர்பர்ட் என் பெரியம்மா மகன். பெரியம்மா எடித்தும் என் அம்மா ஃப்ளோரியும் பெக் வீட்டுப் பெண்கள். எங்கள் ஊர் ஹோல்ம் ட்ரோவில் பாதிப் பேர் பெக் வீட்டில் பிறந்தவர்கள், மீதிப் பேர் அங்கே பெண் எடுத்தவர்கள். ஹெர்பர்ட் கட்டிக்கொண்ட ஈனிட், டாக் வீட்டுப் பெண். அவளும் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்தான். அவள் அப்பாவின் மாற்றாந்தாய் என் அப்பாவுக்கு அத்தை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், செத்துப்போன சிரில் இந்த ஈனிட்டின் தம்பி. அவனைக் கொன்றவன் என்று ஊர் சொன்னது ஹெர்பர்ட்டை. சிரிலின் சவ ஊர்வலத்தில் யார் பக்கம் நடப்பதென்று தெரியாமல் என் அம்மா நடுத்தெருவில் தனியாக நடந்தாள்.

எங்கள் ஊர் மண் கறுப்பு. ஒரு காலத்தில் சதுப்பு நிலம். மழை பெய்தால் கால் முழங்கால்வரை இறங்கும். அதனால் உழவுக்கு வரும் நீராவி எஞ்சின்கள் வயலுக்குள் இறங்குவதில்லை. இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று என்று ஜோடியாக நிற்கும். இரண்டின் வயிற்றுக்கடியிலும் பெரிய உருளை, உருளையில் கம்பி வடம். இரண்டு வடமும் நடுவில் ஒரு கலப்பையைப் பிடித்திருக்கும். கலப்பை தராசு மாதிரி. ஒரு பக்கத்துக் கொழுக்கள் மண்ணில் இருந்தால் மறுபக்கத்துக் கொழுக்கள் ஆகாயத்தைப் பார்த்து நிற்கும். ஓர் எஞ்சின் இழுக்க, மற்றது வடத்தை விட்டுக்கொடுக்கும். கலப்பை அக்கரை சேர்ந்ததும் கலப்பைக்காரன் இறங்கி, தராசைச் சாய்த்து, மறுபக்கம் ஏறி உட்கார்வான். அக்கரை டிரைவர் விசில் கொடுப்பான். விசில் கேட்டால் இக்கரைக்காரன் இழுக்கலாம்.

வெயில் நாளில் கையைத் தூக்கினாலே தெரியும். மூடுபனியில் கை தெரியாது, கலப்பை தெரியாது, எதிர் எஞ்சினின் புகைகூடத் தெரியாது. விசில் ஒன்றுதான் பேச்சு. விசில் வராமல் வடத்தை இழுத்தவனுக்கு எங்கள் பக்கம் யாரும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள்.

ஹெர்பர்ட் வேலை பார்த்த ஜோடிக்குக் கிரேஸ், பேஷன்ஸ் என்று பெயர். முதலாளியின் இரண்டு அத்தைகளின் பெயர்கள் அவை. ஹெர்பர்ட் கிரேஸை ஓட்டினான். பேஷன்ஸை ஓட்டியவர் மேஸ்திரி ஜேபஸ் கோல்ஸன், தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை நின்று ஜெபம் சொல்கிறவர். கிரேஸின் விசில் கூர்மையாக ஏறி நிற்கும். பேஷன்ஸின் விசில் கடைசியில் ஓர் இறக்கம் இறங்கும், யாரோ எதையோ சொல்ல வந்து பாதியில் விட்டதுபோல. வீட்டில் ரொட்டி சுடும் பெண்களுக்குக்கூட இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். ஈனிட்டுக்கு நன்றாகவே தெரியும். அவள் அப்பாவும் கலப்பைக்காரர்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தின ஓர் இலையுதிர் காலம். ஊருக்குக் கிழக்கே பெரிய பண்ணை வயல். காலையிலிருந்தே பனி. சிரில் பாட்டுப் பாடிக்கொண்டேதான் கலப்பை ஓட்டுவான். அந்தப் பாட்டு தேய்ந்து தேய்ந்து போவதை வைத்துத்தான் கலப்பை எங்கே போகிறது என்று ஹெர்பர்ட் கணக்கு வைத்திருந்தான்.

எங்கள் மண்ணுக்கடியில் ஏதோ ஒரு காலத்து ஓக் மரங்கள் விழுந்து கிடக்கின்றன. கறுத்து, இரும்பாக இறுகிப்போனவை. மண் வருஷா வருஷம் வற்றி இறங்க இறங்க அவை மேலே வரும். அன்று கலப்பை அக்கரையைத் தொடுமுன் அப்படி ஒரு மரத்தில் முட்டி நின்றது. ஜேபஸ் நீராவியை அடைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கி நடந்தார். சிரில் கலப்பைக்கடியில் குனிந்து மரத்தைச் சுற்றி மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தான். பாட்டு நின்றிருந்தது.

இக்கரையில் ஹெர்பர்ட் விசிலைக் கேட்டான். கேட்டதும் இழுத்தான்.

அக்கரையிலிருந்து வந்த கூச்சலைக் கேட்டு அவன் வடத்தை விட்டுவிட்டு ஓடியபோது, ஜேபஸ் உழவுசாலில் மண்டியிட்டுக் கிடந்தாராம். தராசு சாய்ந்துவிட்டது. அதன் அடியில் சிரில்.

"யாருடா உன்ன இழுக்கச் சொன்னது?" என்று ஜேபஸ் கேட்டார்.

"நீங்கதான மேஸ்திரி விசில் குடுத்தீங்க."

"நான் எஞ்சின்லயே இல்லடா. பாரு, கையில மண்வெட்டி. வயலு நடுவுல நிக்கிறேன். யாரு குடுப்பா விசில்?"

"கேட்டேன் மேஸ்திரி. பேஷன்ஸ்தான். கடைசில இறங்குமே, அதுதான்."

"எதுவும் கேக்கலடா பாவி. எனக்கு ஒண்ணும் கேக்கல."

விசாரணையில் தற்செயல் என்று முடித்தார்கள். ஊர் அப்படி முடிக்கவில்லை. நின்றபடியே தூங்கியிருப்பான் என்றார்கள் சிலர். அடுத்த பண்ணையில் வேறு ஜோடி வேலை செய்தது, அதன் விசிலைக் கேட்டிருப்பான் என்றார்கள் சிலர். அன்றைக்கு அங்கே யாரும் வேலை செய்யவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆளில்லாத பேஷன்ஸின் பாய்லரில் நீராவி ஏறி, சேஃப்டி வால்வு சீறியிருக்கும், அதைத்தான் விசிலென்று நினைத்திருப்பான் என்றார் கொல்லர் ஒருவர். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஹெர்பர்ட்டுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கம்மா இருமுறதுக்கும் பக்கத்து வீட்டு நாய் இருமுறதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?" என்றான்.

ஈனிட்டுக்கும் அவனுக்கும் அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தேவாலயத்தில் அறிவிப்பும் சொல்லியாகிவிட்டது. சிரிலைப் புதைத்த பிறகு அவள் பல வாரம் அவனைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டு வாய்க்கால் பாலத்துக்கு வந்தாள். வெளியே வந்த ஹெர்பர்ட் பாலத்தின் அந்தப் பக்கமே நின்றுவிட்டான்.

"கேட்டியா ஹெர்ப்?"

"கேட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி. போய்ப் பாதிரியாரப் பாரு. தேதி தள்ளிப் போட்டோமில்ல, வேற தேதி வாங்கணும்" என்றாள்.

வசந்தத்தில் கல்யாணம் நடந்தது. ஈனிட்டின் அம்மா ஆக்னஸ் வரவில்லை. சாகும்வரை மகள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. கறி வாங்கப் போகும்போது ஹெர்பர்ட் எதிரே வந்தால் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவாள், லாரி வந்தாலும் பார்க்க மாட்டாள்.

அன்று பாலத்தில் ஈனிட் 'சரி' என்றுதான் சொன்னாள், 'நம்புகிறேன்' என்று சொல்லவில்லை. இது ஹெர்பர்ட்டுக்கு உறைக்கவே சில வருஷம் ஆயிற்று. உறைத்த பிறகு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. சாப்பாட்டு மேஜையில் திடீரென்று கேட்பான். நானே காதால் கேட்டிருக்கிறேன்.

"ஈனிட், நீ என்னை நம்புறியா?"

"டீ ஆறுது. குடி."

அவ்வளவுதான். அவள் கோபமாகச் சொல்ல மாட்டாள். அவன் சட்டைக்குப் பொத்தான் தைப்பாள், ஜுரம் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், ஊரில் எவளாவது ஒரு வார்த்தை சொன்னால் பாய்ந்து பிடுங்குவாள். அந்த ஒன்றை மட்டும் சொல்ல மாட்டாள். "வாய் வர மாட்டேங்குது ஆடா," என்றாள் என்னிடம் ஒரு தடவை. "சொன்னா சிரில் கேக்குற மாதிரி இருக்கு, அப்ப யாரு என்னைக் கொன்னதுன்னு."

ஜேபஸ் படுத்த படுக்கையானபோது ஈனிட் போய்க் கேட்டாள். கிழவர் பைபிள்மேல் கை வைத்து, தான் விசிலைத் தொடவில்லை என்றார். அதன் பிறகு நாலு நாளில் போய்விட்டார்.

போருக்குப் பிறகு டீசல் டிராக்டர்கள் வந்தன. ஹெர்பர்ட் வாய்க்கால் தண்ணீரை ஆற்றுக்கு ஏற்றும் பம்பு நிலையத்தில் வேலைக்குப் போனான். நல்ல வேலைக்காரன். மூடுபனி நாளில் மட்டும் அவனை எதுவும் கேட்கக் கூடாது. பாதையில் நடந்துகொண்டே இருப்பவன் நின்றுவிடுவான். வலது கை இடுப்புயரத்தில் எதையோ பிடித்ததுபோல் மடங்கியிருக்கும். முகம் கிழக்கே திரும்பியிருக்கும். அவர்கள் மகள் வாலரி சின்னவளாக இருந்தபோது அதைப் பார்த்து, "அப்பா யாருக்குக் கை குடுக்குறாரு?" என்று கேட்டாள். ஈனிட் அவளை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கிரேஸைக் கண்டுபிடித்தது நான்தான் என்று சொல்லலாம். போர் முடிந்து ஏதோ மாளிகைக் குளத்தில் சேறு வாரப் பயன்படுத்திவிட்டு, என் கணவர் ஸ்டான்லியின் அக்கா வீட்டு ஆப்பிள் தோப்புக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். முள்ளுச்செடி மூடி, புகைபோக்கி மட்டும் வெளியே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் பேச்சுவாக்கில் சொன்னேன். ஹெர்பர்ட் கறித்துண்டைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டான். தோப்பைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தால் எடுத்துக்கொண்டு போ என்றாள் என் நாத்தனார்.

வண்டியில் ஏற்றி வீட்டு முற்றத்தில் இறக்கியபோது ஈனிட் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஊருல வேற எஞ்சினே கெடைக்கலையா உனக்கு?"

"இதுதான் கெடைச்சுது."

"என் தம்பியக் கொன்னத என் வாசல்லயே கொண்டாந்து நிறுத்துற. நல்லா இரு."

அவள் போனதும் நான் ஹெர்பர்ட்டிடம், "எதுக்குய்யா உனக்கு இந்த வேல?" என்றேன்.

அவன் பாய்லரின் துருவைக் கையால் தடவிக்கொண்டே, "அன்னிக்கு என் பக்கத்துல நின்னது இது ஒண்ணுதான் ஆடா. நான் கேட்டப்ப இதுவும்தான் கேட்டுச்சு" என்றான்.

அதைச் சரி பண்ண அவனுக்குப் பல வருஷம் பிடித்தது. புகைபோக்கியில் காக்கைக் கூடுகள் அடுக்கடுக்காக இருந்தன, சாக்கில் அள்ளினோம். பாய்லருக்குள் ஓடும் குழாய்களை ஒவ்வொன்றாகத் தட்டி உருவினான். உப்புப் படிந்து முட்டை ஓடு மாதிரி உதிர்ந்தது. அடுப்பறைக்குள் ஊர்ந்துபோய் மல்லாக்கப் படுத்துக்கொண்டு சுத்தியலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்பான், எங்கே இரும்பு மெலிந்திருக்கிறது என்று. விளக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே குந்தியிருந்தது யார் என்றால் ஈனிட்தான். திட்டிக்கொண்டே பிடித்திருப்பாள். "உள்ளயே செத்துப் போனா எங்கிட்ட சொல்லிட்டு சாவு, நான் போய் உருளக்கெழங்கு வேக வைக்கணும்." சக்கரத்துக்குச் செந்தூரச் சாயம் பூசியதும் அவள்தான். பழைய பெயர்ப் பலகையில் கிரேஸ் என்ற எழுத்துகளுக்கு மஞ்சள் தீட்டினாள்.

பாய்லர் ஆய்வாளர் வந்து குளிர்ந்த தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்த்தார். எங்கும் கசியவில்லை. முதல் நாள் நெருப்பு மூட்டி, மணிக்கணக்கில் காத்திருந்து, அழுத்தம் காட்டும் ஊசி மெல்ல ஏறி, சக்கரம் தானாக ஒரு சுற்றுச் சுற்றியபோது ஹெர்பர்ட் அழவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

எல்லாவற்றையும் மாட்டினான், விசிலைத் தவிர. விசில் இருந்த துளைக்குப் பித்தளை மூடி போட்டு முறுக்கிவிட்டான். விசிலைத் துணியில் சுற்றி ஈனிட்டிடம் கொடுத்தான். அவள் அதைப் படுக்கை விரிப்புகள் வைக்கும் இழுப்பறையில் வைத்தாள்.

பழைய எஞ்சின் கண்காட்சிகளுக்குப் போனோம். ஆகஸ்ட் மாதம் என்றால் ஊருக்கு ஊர் ஒன்று நடக்கும். எஞ்சின்காரர்கள் பழுப்புக் கோட்டும் எண்ணெய்த் தொப்பியுமாக நிற்பார்கள், கரி அள்ளும் மண்வாரியிலேயே பன்றிக்கறி வறுத்துத் தின்பார்கள், பித்தளையைத் துடைத்துத் துடைத்துத் தேய்ப்பார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றே: "இது ரயிலா?"

"ஆமா," என்பாள் ஈனிட் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே. "தண்டவாளத்த வீட்டுல மறந்துட்டு வந்துட்டோம்."

மதியம் பன்னிரண்டு மணிக்கு மைதானத்தில் இருக்கிற எல்லா எஞ்சின்களும் ஒன்றாக விசில் ஊதும். காது கிழியும். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். கிரேஸ் மட்டும் ஊமையாக நிற்கும். மற்ற எஞ்சின்காரர்கள் முதலில் கிண்டல் பண்ணினார்கள், பிறகு யாரோ அவர்களிடம் கதையைச் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டார்கள். அந்த நேரத்தில் ஹெர்பர்ட் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்து எதையாவது துடைத்துக்கொண்டிருப்பான்.

இப்படி இருந்தபோதுதான் ராய் ஃபெல்டன் வந்தான். நார்ஃபக் பக்கத்து உருளைக்கிழங்கு வியாபாரி. முகம் சிவந்த, சத்தமாகப் பேசுகிற நல்ல மனுஷன். அவனிடம் பேஷன்ஸ் இருந்தது. பழைய இரும்புக் கிடங்கில் கண்டெடுத்து, அவனும் பல வருஷம் பாடுபட்டு உயிர் கொடுத்திருந்தான்.

சமையலறையில் உட்கார்ந்து ஆப்பிள் பை சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "ஜோடியச் சேத்து வைக்கணும் லைமன் சார். அறுப்பு முடிஞ்சதும் உங்க ஊரு வயல்லயே உழுது காட்டலாம். சனம் மொய்க்கும்."

"நான் உழ மாட்டேன்," என்றான் ஹெர்பர்ட். "நிறுத்தி வைப்பேன். வேணும்னா ரெண்டையும் பக்கத்துல நிறுத்திப் படம் எடுத்துக்கோ."

"கதை தெரியும் சார். வருத்தமாத்தான் இருக்கு. ஆனா பழைய கதைதான?"

ஹெர்பர்ட் தட்டைத் தள்ளிவைத்தான். ராய் போகத் தொப்பியை எடுத்தான். ஈனிட் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, "கூட்டிட்டு வாப்பா" என்றாள்.

"ஈனிட்," என்றான் ஹெர்பர்ட்.

"நானும் அந்தச் சத்தத்தக் கேட்டு வருஷமாச்சு. ஒரு தடவ கேட்டுட்டுச் சாகுறேன்."

அவளே எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்து, துணிச்சுற்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

செப்டம்பர் கடைசி வாரம். வயல் சிரில் செத்த வயல் அல்ல, ஆனால் வாய்க்கால் ஒன்றுதான் நடுவில். அக்கரையில் பேஷன்ஸ், ராய். இக்கரையில் கிரேஸ், ஹெர்பர்ட். கலப்பையில் ராயின் மைத்துனன் டெரிக். கயிறு கட்டி அதற்குப் பின்னால் சனம். ஈனிட்டும் நானும் கிரேஸுக்குப் பக்கத்தில், எஞ்சின் படிக்குக் கீழே நின்றோம். காலையில் வெயில் அடித்தது. நாலைந்து நடை உழுதார்கள். பேஷன்ஸ் முதல் விசில் கொடுத்தபோது ஈனிட் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அந்த இறக்கம் அப்படியே இருந்தது. ஹெர்பர்ட் இழுத்தான். வடம் மண்ணிலிருந்து எழுந்து விறைத்தது. கலப்பை வந்தது, மண் பளபளவென்று புரண்டது. சனம் கை தட்டியது. ஹெர்பர்ட் முகத்தில் ஒரு பையனின் முகத்தைப் பார்த்தேன்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வாய்க்காலிலிருந்து பனி எழுந்தது. எங்கள் ஊரில் அது எழுந்தால் எழுந்ததுதான். முதலில் பேஷன்ஸின் சக்கரம் மறைந்தது, பிறகு உடல், பிறகு புகை. சனம் பாதிக்குமேல் கலைந்து போயிற்று. நிறுத்திவிடலாம் என்று ஹெர்பர்ட் சொல்லி அனுப்பினான். இன்னும் ஒரே நடை, விசிலை வைத்து ஓட்டலாம், பழைய காலத்தில் அப்படித்தானே என்று ராய் சொல்லி அனுப்பினான்.

பேஷன்ஸ் இழுத்தது. கலப்பை பனிக்குள் போயிற்று. கிரேஸின் உருளையிலிருந்து வடம் ஓடிக்கொண்டே இருந்து நின்றது. அக்கரை சேர்ந்துவிட்டது என்று நினைத்தோம்.

காத்திருந்தோம். பாய்லர் மெல்ல முனகியது. எங்கோ வாய்க்காலில் ஒரு நீர்க்கோழி.

ஹெர்பர்ட்டின் கை கைப்பிடிமேல் இருந்தது. திடீரென்று அவன் முகம் கிழக்கே திரும்பியது. கை அசைந்தது. அசைந்த கையைச் சுட்டுக்கொண்டவன்போல் வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். படியிலிருந்து குனிந்து ஈனிட்டைப் பார்த்தான்.

"குடுத்துச்சா?" என்றான்.

அவள் பனிப் பக்கம் திரும்பினாள்.

"ஈனிட், இப்ப விசில் குடுத்துச்சா இல்லையா? நான் இழுக்கணுமா?"

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். அதற்குள் பனியிலிருந்து யாரோ ஓடிவருகிற சத்தம். ராயின் தங்கை, டெரிக்கின் மனைவி. மூச்சு வாங்க வந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இழுத்துராதீங்க. கொழு ஒண்ணு கழண்டுபோச்சு, டெரிக் அடியில படுத்து முடுக்கிட்டிருக்காரு. கொஞ்சம் நேரமாகும்னு சொல்லச் சொன்னாரு ராய் அண்ணன்."

"விசில் குடுத்தாரா உங்கண்ணன்?" என்று ஹெர்பர்ட் கேட்டான்.

"இல்லையே. விசில் பக்கமே போகல. எல்லாரும் கலப்பைகிட்டதான் நிக்கிறாங்க."

அந்த நேரத்தில் ஹெர்பர்ட்டின் முகத்தை நான் பார்த்தேன், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சவத்துக்கு வாய் கட்டும்போது ஒரு முகம் இருக்குமே, அது. அத்தனை வருஷமாக ஊர் சொன்னதை அவனே அவனுக்குச் சொல்லிக்கொண்டான். கேட்கவில்லை, ஒருநாளும் கேட்டதில்லை, உன் காது பொய்க் காது, நீதான் அவனைக் கொன்றாய். நீராவியை அடைத்தான். உருளையின் பிரேக்கை இறுக்கினான். படியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினான்.

ஈனிட் படியேறிப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"நானும் கேட்டேன் ஹெர்ப்," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பேஷன்ஸ்தான். கடைசில இறங்கிச்சு. நல்லாவே கேட்டேன்." பிறகு அவன் தலையில் கை வைத்து, "அன்னிக்கும் நீ கேட்டிருக்க. நான் நம்புறேன்" என்றாள்.

எழுபதை நெருங்கிய மனுஷன், அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதான். ராயின் தங்கை என்ன செய்வதென்று தெரியாமல் பனிக்குள் திரும்பிப் போனாள்.

நான் ஈனிட்டுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தேன். என் காது அப்போது நல்ல காது. நீர்க்கோழியைத் தவிர வேறெதுவும் எனக்குக் கேட்கவில்லை.

அதன் பிறகு ஹெர்பர்ட் வேறு மனுஷனானான். பனி நாளில் வெளியே போய் முட்டைக்கோஸ் வெட்டிக்கொண்டு வருவான், பாட்டுகூடப் பாடுவான். அடுத்த கண்காட்சியில் கிரேஸ் மற்ற எஞ்சின்களோடு மதியம் விசில் ஊதியது, அவன்தான் கயிற்றை இழுத்தான். சாப்பாட்டு மேஜையில் எதையும் கேட்பதில்லை. நன்றாகத் தூங்கினான். ரெண்டு குளிர்காலம் கழித்து அப்படித் தூங்கும்போதே போய்விட்டான். மாமியார் ஆக்னஸுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. என்ன செய்வது, கல்லறையில் அவள் சாலையைக் கடந்து போக முடியாதே.

ஈனிட் தனியாக இருந்தாள். எனக்கும் ஸ்டான்லி போய்விட்டார். அதனால் அடிக்கடி அவள் வீட்டுக்குப் போவேன். ஒரு நவம்பர் மாதம் போனபோது நல்ல பனி. முன்கதவைத் தட்டினேன், பதில் இல்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். கோட்டைப் போட்டுக்கொண்டு பின்வாசலில் நின்றிருந்தாள். கிழக்கே பார்த்து.

"இங்க என்ன பண்ற குளிர்ல?"

"சும்மாத்தான்."

நின்ற நிலை அப்படியே ஹெர்பர்ட்டின் நிலை. கேட்டுவிட்டேன்.

"ஈனிட், தப்பா நெனைக்காத. அன்னிக்கு வயல்ல நானும் உன் பக்கத்துலதான் நின்னேன். எனக்கு ஒண்ணும் கேக்கல."

"எனக்கும்தான் கேக்கல," என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அவன் மூஞ்சியப் பாத்தல்ல நீ," என்றாள். "வேற என்னத்தச் சொல்ல?"

"நல்லதுதான் பண்ணின. நிம்மதியாப் போனான்."

"ஆமா. அதுக்கப்புறம் அவனுக்குக் கேக்கவே இல்லையாம், சொன்னான்." கோட்டின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டாள். "நான் சொன்ன அடுத்த வாரம், கொடியில துணி எடுத்துட்டிருந்தேன். இந்த மாதிரி பனி. அந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு."

"ராய் எங்கயாவது ஓட்டியிருப்பான்."

"அவன் அப்ப பாய்லரக் கழட்டிப் போட்டிருந்தான். கேட்டுப் பாத்தேன்."

"ஹெர்பர்ட்கிட்ட சொன்னியா?"

"எதுக்கு? அவன் இறக்கி வச்சத அவன் தோள்லயே திரும்ப ஏத்தவா?"

வாய்க்கால் பக்கம் எதுவும் தெரியவில்லை. வேலிகூடத் தெரியவில்லை. ஈனிட் சட்டென்று கையை உயர்த்தினாள், பேசாதே என்பதுபோல. தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

"என்ன சொல்லுது?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேனோ.

"என்ன சொல்லும்? இழுக்கச் சொல்லுது."

அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். கூடவே வந்தாள். கோட்டைக் கழற்றினாள், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவை மட்டும் சாத்த விடவில்லை.